ஷீட் கூரை கட்டரில் தண்ணீர் தேங்குகிறது: 36 அடிக்கு எவ்வளவு வாட்டம் (சாய்வு) கொடுக்கணும்?

சாரல்வீடு

தென்காசி பக்கம் வீடு. மொட்டைமாடி முழுக்கக் கலர் ஷீட், ஒற்றைச் சரிவு. ஓட்டம் (மேட்டிலிருந்து பள்ளம் வரை தரைமட்ட அளவு) 16 அடி, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் 3 அடி. தண்ணீர் விழும் ஓரம் வடக்கு தெற்காக 36 அடி. அந்த ஓரத்தில் ஜி.ஐ. தகரத்தில் வளைத்த பெட்டிக் கட்டர் (மழைநீர் ஓடும் தகரக் கால்வாய்), 6 இஞ்ச் அகலம், 4 இஞ்ச் ஆழம், 12 அடித் துண்டு மூன்று. தெற்கு முனையில் மட்டும் ஒரு 75 மி.மீ. பைப், அதன் வாயில் தட்டை ஜாலி. பிராக்கெட் எல்லாம் ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கால் வரும் இடத்தில் மட்டும் வெல்டிங், அதாவது 9 அடிக்கு ஒன்று.

ஆடிச் சாரலுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசி மழை மாதிரி கொட்டினால் நடுவில் வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் அடிக்கிறது. மழை விட்ட பிறகும் இரண்டு இடத்தில் தண்ணீர் நின்று கொசுப்புழு வைக்கிறது. தெற்கு முனையை 4 இஞ்ச் இறக்கிவிட்டால் எல்லாம் ஓடிவிடும் என்கிறார் வேலை செய்தவர்.

4 இஞ்ச் சரியா? இதே கட்டரை வைத்துச் சரி செய்யலாமா, அல்லது கழற்றிப் போட்டுவிட்டு பி.வி.சி. மாட்டலாமா? தண்ணீரைத் தெற்குப் பக்கக் கிணற்றில் விடவும் ஆசை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிக்கணும்.

மட்டம்_சரி

வாட்டத்தைக் கடைசியில் பார்ப்போம் சார். தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்த வாய் வழியாகப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

கணக்குக்கு ஷீட்டின் சரிவு நீளம் வேண்டாம், தரைமட்ட அளவு போதும்: 36 × 16. காற்றோடு அடிக்கும் மழைக்காக உயரத்தில் பாதியை, உங்களுக்கு ஒன்றரை அடி, ஓட்டத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். 36 × 17.5 = 630 சதுர அடி, அதாவது 58.5 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்தால் 5,850 லிட்டர், நொடிக்கு 1.6 லிட்டர். சில நிமிடம் மட்டும் அடித்துக் கொட்டும் மழைக்கு மணிக்கு 150 மி.மீ. என்று வைத்தால் நொடிக்கு 2.4 லிட்டர்.

6 × 4 பெட்டி மட்டமாகக் கிடந்தாலே நொடிக்கு 5 லிட்டர் அளவுக்குக் கடத்தும். ஆகவே கட்டரின் அளவில் குறையில்லை. குறை வாயில்தான். 75 மி.மீ. வாயில் 30 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் நொடிக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் இறங்கும். தட்டை ஜாலி போட்டால் அதில் பாதியை மறந்துவிடுங்கள். அதன் மேல் நாலு வேப்பிலை படிந்தால் மீதியும் போச்சு. இறங்க வழியில்லாத தண்ணீர் கட்டரில் ஏறிக்கொண்டே வந்து, எந்த இடத்தில் விளிம்பு தாழ்ந்திருக்கிறதோ அங்கே வழியும். நடுவில் வழிகிறது என்றால் நடுவில் கட்டர் தொய்ந்திருக்கிறது.

இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 110 மி.மீ. வாய் வையுங்கள். ஒரு வாய்க்கு 1.2 லிட்டர்தான் வரும், அதை விழுங்க 20 மி.மீ. ஆழம் போதும்.

இப்போது வாட்டம். 10 அடிக்கு 2 நூல் (8 நூல் ஒரு இஞ்ச்) என்பது குறைந்தபட்சம், 4 நூல் கொடுத்தால் நல்லது. ஒரே பக்கம் 36 அடிக்கும் ஓட்டினால் மொத்த இறக்கம் 14 நூல், அதாவது ஒன்றே முக்கால் இஞ்ச். நடுவை மேடாக்கி இரண்டு பக்கமும் 18 அடியாகப் பிரித்தால் பக்கத்துக்கு 7 நூல்தான். கீழிருந்து பார்த்தால் சாய்வே தெரியாது.

ஷீட்_வேலை_நெல்லை

4 இஞ்ச் இறக்காதீங்க. தண்ணி ஓடும், ஆனா அந்த முனையில ஷீட்டுக்கும் கட்டருக்கும் நடுவுல 4 இஞ்ச் இடைவெளி கூடிப்போகும். காத்தடிக்கிற மழையில ஷீட் நுனியிலிருந்து விழுற தண்ணி கட்டருக்குள்ள விழாம பின்னாடி சுவரோரமா போயிரும். சாதா மழையிலயும் ஷீட் அடியைப் பிடிச்சுக்கிட்டே பின்னால ஓடி பர்லின்ல (ஷீட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) சொட்டும். பர்லின் துருப்பிடிக்க ஆரம்பிக்கிறது இப்படித்தான்.

இன்னொண்ணு, 9 அடிக்கு ஒரு பிராக்கெட்னு சொல்றீங்க. இது ரொம்பத் தப்பு. உங்க கட்டர் முழுசா நிறைஞ்சா அடிக்கு நாலே முக்கால் கிலோ தண்ணி, ஒரு பிராக்கெட்டுக்கு 40 கிலோவுக்கு மேல வருது. நடுவுல தொய்யத்தான் செய்யும். முனையை மட்டும் இறக்குனா தொய்வு அப்படியே இருக்கும், ஒட்டுமொத்தமா சாஞ்சு நிக்கும்.

கழற்றுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை போடுங்க. காசு செலவில்ல. தெற்கு வாயைத் துணி சுத்துன கட்டையால இறுக்கி அடைங்க. வடக்கு முனையில 1 இஞ்ச் தண்ணி நிக்கிற வரைக்கும் ஊத்துங்க, அதுக்கு மேல வேண்டாம், வெயிட் தாங்காது. தண்ணி அசையாம நின்னதும் 6 அடிக்கு ஒரு இடத்துல ஸ்டீல் ஸ்கேலை அடித்தகரம் வரைக்கும் விட்டு ஆழத்தைக் குறிச்சுக்கோங்க. நிக்கிற தண்ணி மேல்மட்டம் எப்பவும் மட்டம்தான், அதனால ஆழ வித்தியாசம்தான் உங்க கட்டரோட உண்மையான வாட்டம். கண்ணால பாத்துச் சொல்றதையோ ஷீட் ஓரத்தை வச்சு அளக்கிறதையோ நம்பாதீங்க. ஷீட் ஓரமே மட்டமா இருக்காது.

சாரல்வீடு

அண்ணாச்சி, அளந்துவிட்டேன். வடக்கிலிருந்து தெற்காக:

முனை: 8 நூல்
6 அடி: 9
12 அடி: 13
18 அடி: 9
24 அடி: 14
30 அடி: 10
36 அடி, பைப் வாய்: 9

12 அடியும் 24 அடியும் துண்டுகள் சேரும் இடம். வாயைத் திறந்து விட்டதும் இந்த இரண்டு இடத்திலும் தண்ணீர் தங்கிவிட்டது.

ஷீட்_வேலை_நெல்லை

பாத்தீங்களா. 36 அடிக்கும் சேர்த்து மொத்த வாட்டம் 1 நூல்தான். ரெண்டு ஜாயிண்ட்டும் பிராக்கெட் இல்லாத இடத்துல விழுந்து தொங்கிருச்சு. 24 அடியில இருக்கிற தண்ணி வாய்க்குப் போகணும்னா 5 நூல் மேடு ஏறணும். 12 அடியில இருக்கிறது 4 நூல் ஏறணும். கொசு அங்கதான் வளருது.

கட்டர் தகரம் நல்லா இருந்தா இதையே வச்சுக்கலாம். வேலை இந்த வரிசையில:

டியூப் லெவல் (மட்டம் பாக்கத் தண்ணி நிரப்பின டியூப்) எடுத்து ஓரப் பர்லின்ல நடுவுலயும் (18 அடி) ரெண்டு முனையிலயும் ஒரே மட்டத்துக் குறி போடுங்க. டியூப்ல காத்துக்குமிழி ஒண்ணுகூட இருக்கக்கூடாது, இருந்தா அரை இஞ்ச் வரைக்கும் பொய் சொல்லும். முனைக் குறி ரெண்டையும் 7 நூல் கீழ இறக்கி, நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் நைலான் கயிறை விண்ணுனு இழுத்துக் கட்டுங்க. நீளக் கயிறு தானாத் தொய்யும், அதனால நடுவுல ஒரு ஆணியில தாங்கல் கொடுத்து அந்த இடத்தை மறுபடி அளந்து பாருங்க.

பழைய பிராக்கெட்டை அறுத்துட்டு, 25 × 5 பட்டையில புதுசா வளைங்க. இரண்டரை அடிக்கு ஒண்ணு. ஜாயிண்ட்டுக்கு ரெண்டு பக்கமும், பைப் வாய்க்குப் பக்கத்துலயும், முனையிலயும் அரை அடிக்குள்ள கண்டிப்பா ஒண்ணு இருக்கணும். எண்ணிப்பாத்தா பக்கத்துக்கு 9, மொத்தம் 18 வரும், 20 வளைச்சு வச்சுக்கோங்க. வெல்டிங் வேண்டாம். பிராக்கெட்ல நீளமான துளை போட்டு, பர்லின்ல செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ ரெண்டு. அப்பதான் பின்னாடி 2 நூல் ஏத்தி இறக்க முடியும். முதல்ல முனைப் பிராக்கெட்டும் நடுப் பிராக்கெட்டும் மாட்டி, கயிறைத் தொட்டும் தொடாம மத்ததை மாட்டுங்க. கயிறு மேல முட்டினா கயிறே நகர்ந்துரும், அப்புறம் எல்லாம் தப்பு.

முன்விளிம்பு பின்விளிம்பை விட 3, 4 நூல் தாழ்வா இருக்கட்டும். என்னைக்காவது அடைச்சு நிறைஞ்சாலும் தண்ணி வெளிப்பக்கம் வழியும், சுவர்ப் பக்கம் வராது. ஷீட் நுனி கட்டருக்குள்ள 2 இஞ்ச் நீட்டி நிக்கணும். குறைஞ்சா பின்னால போகும், கூடினா கைவிட்டுக் குப்பை அள்ள முடியாது.

இப்ப எல்லாரும் விட்டுடுற விஷயம். நடுவை மேடாக்கணும்னா அங்க ஒரு 12 அடித் துண்டு முழுசா கிடக்கு, பெட்டித் தகரம் நடுவுல வளையாது. அதனால சரியா 18 அடியில அறுத்துருங்க. ரெண்டு வெட்டு முனைக்கும் எண்ட் கேப் அடிச்சு, முதுகும் முதுகுமா வச்சு, மேல ஒரு தகரத் தொப்பி கவிழ்த்திருங்க. இனிமே அது ஒரு கட்டர் இல்ல, 18 அடியில ரெண்டு கட்டர்.

அடுத்து, 12 அடி ஜாயிண்ட். இப்ப தண்ணி தெற்கே ஓடுறதுக்காக வடக்குத் துண்டு உள்ளயும் தெற்குத் துண்டு வெளியவும் இருக்கும். நாளைக்கு அந்தப் பாதியில தண்ணி வடக்கே ஓடப்போகுது. மடிப்பை மாத்திப் போடலன்னா தண்ணி நேரா மடிப்பு வாய்க்குள்ள நுழையும், எந்த சீலன்ட்டும் (கசிவை அடைக்கிற பசை) ரெண்டு வருஷம் தாங்காது. மேட்டுத் துண்டு எப்பவும் உள்ள, பள்ளத் துண்டு வெளியே. 24 அடி ஜாயிண்ட்டை மாத்த வேண்டாம்.

மடிப்பு 3 இஞ்ச். ஏற்கனவே அவ்வளவு இல்லாட்டி ஒரு இணைப்புத் துண்டு வளைச்சுக்கோங்க. ரெண்டு தகரத்துக்கும் நடுவுல சீலன்ட் ரெண்டு வரிசை ஓட்டி, அது காயுறதுக்கு முன்னாடி 4 மி.மீ. ரிவெட் ஒன்றரை இஞ்சுக்கு ஒண்ணு, அதுவும் ரெண்டு வரிசை. ஒரு ஜாயிண்ட்டுக்கு 20 ரிவெட் ஆகும். உள்ளபக்கம் ரிவெட் தலை மேல ஒரு பொட்டு சீலன்ட். மேல மட்டும் பூசுறது வேலையில்ல, பெயிண்ட் அடிக்கிற மாதிரி.

பைப் வாய்: 110 பைப்புக்கு ஓட்டை போட்டதும், சுத்தி ஒரு இஞ்சுக்கு மரச்சுத்தியால தட்டி 2 நூல் குழி விழ வைங்க. அப்புறம்தான் அவுட்லெட்டோட காலர் உக்காரணும். குழி இல்லாம வச்சா காலர் கனமும் சீலன்ட் கனமும் சேர்ந்து ஒரு வரப்பு ஆயிரும். எவ்வளவு வாட்டம் கொடுத்தாலும் அந்த வரப்பு உயரத்துக்குத் தண்ணி நின்னுகிட்டேதான் இருக்கும்.

மட்டம்_சரி

அண்ணாச்சி சொன்னதோடு மூன்று விஷயம்.

சிலிகான் வாங்கும்போது டியூபை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது கண்ணாடிக்கும் குளியலறைக்கும் உரியது. காயும்போது அமிலம் விடும், ஜி.ஐ. மேல் உள்ள துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட்டும் ஆகும். பழைய சீலன்ட்டைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும்.

பிராக்கெட் அறுக்கும்போது கிரைண்டர் பொறி கலர் ஷீட் மேல் தெறிக்கக்கூடாது. சூடான இரும்புத் தூள் பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்த மழையில் ஒவ்வொன்றும் ஒரு துருப்பொட்டாகும். ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் தூளைக் கூட்டி எடுத்துவிடுங்கள். கட்டர் தகரத்தைத் தகரக் கத்தரியால் வெட்டுவது நல்லது. ஆள் ஓரத்தில் நின்று செய்கிற வேலை, ட்ரஸ்ஸில் கயிறு கட்டி இடுப்பில் மாட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

தட்டை ஜாலியைத் தூக்கிப் போடுங்கள். கம்பியில் பின்னிய குமிழ் வடிவ வலை கிடைக்கிறது. சுற்றி இலை படிந்தாலும் உச்சி வழியாகத் தண்ணீர் இறங்கும்.

பைப்லைன்

பி.வி.சி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தகரம் துருப்பிடிக்காமல் இருந்தால் மாற்ற அவசியமில்லை. மாற்றுவதாக இருந்தால் சில விஷயம் தெரிந்து வாங்குங்கள்.

அரைவட்ட பி.வி.சி. கட்டர் 4 இஞ்சில் வாங்காதீர்கள். மட்டமாகக் கிடந்தால் நொடிக்கு முக்கால் லிட்டர்தான் கடத்தும், உங்கள் கூரைக்குப் பக்கத்துக்கு 1.2 லிட்டர் வேண்டும். 5 இஞ்ச் இழுபறி. 6 இஞ்ச் என்றால் 2 லிட்டர், அதுதான் சரி. பிராக்கெட் 2 அடிக்கு ஒன்று.

வெயிலில் பி.வி.சி. தகரத்தைவிட ஆறு மடங்கு நீளும். 36 அடி கட்டர் 30 டிகிரி ஏறி இறங்கினால் 23 மி.மீ. நீண்டு சுருங்கும். அதனால்தான் ஜாயிண்ட்டில் ரப்பர் வாஷர் வைத்து, உள்ளே இதுவரைதான் தள்ளணும் என்று கோடு போட்டுத் தருகிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி இறுக்கித் தள்ளினாலும், சொட்டுகிறதே என்று சால்வென்ட் சிமெண்ட் போட்டு ஒட்டினாலும், ஒரே கோடையில் ஜாயிண்ட் வெடிக்கும், இல்லாவிட்டால் கட்டர் பாம்பு மாதிரி நெளிந்து வாட்டம் போய்விடும். சால்வென்ட் கீழிறங்கும் பைப்புக்கு மட்டும். செலவு மிச்சம் என்று 160 மி.மீ. பைப்பை நெடுக அறுத்து மாட்டுவதும் வேண்டாம், வெயிலில் விளிம்பு உருக்குலைந்துவிடும். குற்றாலம் பக்கம் என்றால் குரங்கு வேறு. தகரக் கட்டர் நசுங்கும், தட்டி நிமிர்த்தலாம். பி.வி.சி. உடைந்தே போகும்.

கீழிறங்கும் பைப்: 110 மி.மீ., 5 அடிக்கு ஒரு கிளாம்ப். கட்டர் வாயிலிருந்து சுவருக்குத் திருப்ப 90 டிகிரி எல்போ வேண்டாம், 45 டிகிரி பெண்ட் இரண்டு போடுங்கள். இலை முதலில் சிக்குவது அந்த எல்போவில்தான். தரைக்கு ஒரு அடி மேலே கதவு வைத்த டீ (T வடிவ இணைப்பு) ஒன்று, அடைப்பு எடுக்க.

கிணற்றுக்கு நேராக விடாதீர்கள். ஷீட் மேல் உள்ள தூசி, பறவை எச்சம் எல்லாம் முதல் மழையில்தான் வரும். கூரை அளவுக்கு முதல் 1 மி.மீ. மழையையாவது வெளியே தள்ளணும். உங்களுக்குப் பைப் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 27 லிட்டர். 160 மி.மீ. பைப் மீட்டருக்கு 18 லிட்டர் பிடிக்கும், ஆக ஒன்றரை மீட்டர் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் திருகு மூடி போட்டு, மேலே டீயிலிருந்து கிணற்றுப் பக்கம் எடுங்கள். துண்டு நிறைந்த பிறகுதான் தண்ணீர் டீ வழியாகத் திரும்பும். மூடியில் 3 மி.மீ. ஓட்டை போட்டால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். ஓட்டை இல்லாமல் வைத்துவிட்டு மூடியைத் திறக்க மறந்தால் மொத்த ஏற்பாடும் வீண். அதற்குப் பிறகு ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி, அப்புறம்தான் கிணறு. தமிழ்நாட்டில் 2003 முதலே மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வீட்டில் ஏற்கனவே தொட்டி இருந்தால் அதிலேயே சேர்த்துவிடலாம்.

ஓட்டுவீடு_மார்த்தாண்டம்

இடையில் ஒரு கேள்வி. ஓட்டு வீட்டுக்குப் பாத்தி (கட்டர்தான்) மாட்டணும், கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்ந்த மரச்சட்டம்) நுனி ஒன்றுக்கொன்று ஒரு இஞ்ச் ஏறி இறங்கி நிற்கிறது. பிராக்கெட்டை நுனியிலேயே அடித்தால் வாட்டம் வருமா?

ஷீட்_வேலை_நெல்லை

வராது. கழுக்கோல் நுனியில ஒரு பலகையோ 3 × 1.5 செவ்வகப் பைப்போ நெடுக அடிச்சு, அதுல டியூப் லெவல் குறி போட்டு மாட்டுங்க. பலகை வளைஞ்சிருந்தாலும் பரவாயில்ல, குறி சரியா இருந்தா போதும். ஓட்டுல தண்ணி வேகமா வழுக்கி வந்து பாத்தியைத் தாண்டிக் குதிக்கும், அதனால பாத்தியோட முன்விளிம்பை ஓட்டுச் சரிவுக் கோட்டை ஒட்டி, அதுக்குக் கொஞ்சம் கீழ வைங்க. அகலம் 6 இஞ்சுக்குக் குறையக்கூடாது.

சாரல்வீடு

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மிச்சம். கிணறு தெற்கில் இருக்கிறது. வடக்குப் பைப்பைக் கீழே இறக்கித் தரை வழியாக 40 அடி கொண்டுவரணும். அதற்கும் இதே 10 அடிக்கு 4 நூல்தானா?

பைப்லைன்

இல்லை, பைப்புக்கு அது போதாது. மண், இலை எல்லாம் இழுத்துக்கொண்டு போகணும், உள்ளே கைவிட்டு அள்ளவும் முடியாது. 100-க்கு 1, அதாவது 10 அடிக்கு 10 நூல் வையுங்கள். 40 அடிக்குக் கிட்டத்தட்ட 5 இஞ்ச் இறக்கம். பைப்புக்கு அடியில் மணல் பரப்பி மட்டம் பாருங்கள், செங்கல் துண்டை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் மண் அமுங்கும்போது நடுவில் தொய்யும். பாதி தூரத்திலும் திருப்பத்திலும் சேம்பர் (திறந்து அடைப்பு எடுக்கும் சிறு தொட்டி) ஒன்று. 160 பைப் துண்டை வடக்கிலேயே வையுங்கள், அழுக்கு 40 அடி பயணம் செய்ய வேண்டாம்.

ஷீட்_வேலை_நெல்லை

சீலன்ட் போட்டு ஒரு நாள் முழுசா காயவிட்டு அப்புறம் சோதனை. நடு மேட்டுல ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு வாளி மெதுவா ஊத்துங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஏறிப் பாருங்க. ஈரம் மட்டும் இருந்தா சரி, எங்கயாவது 1 நூலுக்கு மேல நின்னா அந்த இடத்துக்குப் பக்கத்துப் பிராக்கெட் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஏத்துங்க. அதுக்குத்தான் நீளத் துளை. அடுத்து ரெண்டு வாயையும் அடைச்சு 1 இஞ்ச் தண்ணி நிறுத்தி, கீழிருந்து ஜாயிண்ட்டும் எண்ட் கேப்பும் சொட்டுதானு பாருங்க. சொட்டினா வெளியே பூசாதீங்க, தண்ணியை வடிச்சுக் காயவச்சு உள்ளபக்கம் போடுங்க.

புரட்டாசிக் கடைசியில ஒரு தடவை, மழை நடுவுல ஒரு தடவை குப்பை அள்ளுங்க. இலை கூடப் பரவாயில்ல, அது மக்கிச் சேறாகி அடியில உக்காந்தா அந்த 7 நூல் வாட்டம் அங்கயே காணாமப் போயிரும்.